தார் எஸ் சலாமா, சிங்கப்பூரா? குடும்பத்தோடு மூன்று வருடம் இருக்க எது சரிவரும்?

கப்பல்கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். சரக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனிக்கு தார் எஸ் சலாமிலும் சிங்கப்பூரிலும் ஆபீஸ் உண்டு. இரண்டிலும் என் வேலைக்கான இடம் காலியாகிறது, எது வேண்டும் என்று இரண்டு வாரத்துக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருட ஒப்பந்தம். மனைவி பள்ளி ஆசிரியை, மகளுக்கு 6 வயது, அம்மாவுக்கு 68. அம்மா எங்களோடேயே இருப்பவர், இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

தார் என்றால் வீடு, கார், மகளின் பள்ளிக் கட்டணம் மூன்றையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும், சம்பளம் கொஞ்சம் குறைவு. சிங்கப்பூர் என்றால் மாதம் 7,200 சிங்கப்பூர் டாலர், வாடகையிலிருந்து எல்லாம் அதற்குள்தான். கேட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் யோசிக்காமல் சிங்கப்பூர் என்கிறார்கள். ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட தான்சானியாவில் கால் வைத்ததில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வரைபடத்தில் பார்த்தால் ஒன்று நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே, இன்னொன்று ஏழு டிகிரி தெற்கே. இரண்டும் துறைமுகம், இரண்டும் வருடம் முழுக்க வெயில், இரண்டிலும் பிரிட்டிஷார் ஆண்டிருக்கிறார்கள், இரண்டிலும் சாலையில் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுற்றுலாப் பேச்சு வேண்டாம். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை வாழ்க்கை எப்படிப் போகும், மனைவி பகல் முழுக்க என்ன செய்வார், மகள் யாரோடு விளையாடுவாள், அம்மா யாரிடம் பேசுவார், இதைத்தான் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

உபாங்காவாசி:

வணக்கம் தம்பி. நான் தாரில் 9 வருடமாக இருக்கிறேன், பெரும்பாலும் உபாங்கா பகுதியில். பழைய குஜராத்திக் குடும்பங்களும் இஸ்மாயிலி, போரா முஸ்லிம் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. பக்கத்தில் கிசுட்டு தெருவில் கோயில்கள் இருக்கின்றன. கம்பெனி வீடு என்றால் உங்களை மசாகி, ஆய்ஸ்டர் பே பக்கம் வைப்பார்கள். அங்கே கடல் அழகு, மதில் உயரம், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்பது தெரியாது. கேட்டுப் பாருங்கள், உபாங்காவில் வீடு கிடைத்தால் உங்கள் அம்மாவுக்கு நல்லது, மாலையில் நடந்துபோய்ப் பேச ஆள் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கேட்டீர்கள். காலையில் எழுந்ததும் கண் போவது தண்ணீர்த் தொட்டிப் பக்கம். குழாயில் தண்ணீர் எல்லா நாளும் ஒரே மாதிரி வராது, அதனால் ஒவ்வொரு வீட்டிலும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி உண்டு, சிம்டேங்க் என்பார்கள். ஆழ்துளைக் கிணறு இருந்தால் சில இடங்களில் உப்பாக இருக்கும். குடிக்கத் தனியாக கேன். மின்சாரத்துக்கு லூக்கு என்ற ப்ரீபெய்டு மீட்டர். போனில் பணம் கட்டினால் 20 இலக்க எண் வரும், அதை மீட்டரில் தட்டினால் யூனிட் ஏறும். ராத்திரி 11 மணிக்கு யூனிட் தீர்ந்து மீட்டர் கத்த ஆரம்பித்தால் படுக்கையில் இருந்தபடியே வாங்கலாம். 2023 கடைசியில் மின்வெட்டு ரொம்ப இருந்தது. அப்புறம் ரூஃபிஜி ஆற்றில் கட்டிய ஜூலியஸ் நியெரெரே அணை 2024 பிப்ரவரியில் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது, மொத்தத் திறன் 2,115 மெகாவாட். அதற்குப் பிறகு நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. இருந்தாலும் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். பழக நேரமெடுப்பது வேறு ஒன்று. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

வந்த புதிதில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், உள்ளே நுழைந்ததும் "முக்கால் இன்ச் பைப் இருக்கிறதா" என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார், பதில் இல்லை. காது கேட்கவில்லையோ என்று மறுபடியும் கேட்டேன். அவர் மெதுவாக "ஹபாரி ஸா அசுபுஹி" என்றார், காலை எப்படிப் போகிறது என்று அர்த்தம். நான் பதில் சொன்னேன். வீட்டில் எல்லாரும் நலமா என்றார், நலம் என்றேன். வேலை எப்படி என்றார். அதற்குப் பிறகுதான் பைப் வந்தது, அதோடு நான் கேட்காமலே எந்த ப்ளம்பர் நேர்மையானவர் என்கிற தகவலும் வந்தது. இங்கே நலம் விசாரிப்பதுதான் எல்லாவற்றுக்கும் வாசல். அதைத் தாண்டாமல் நேராக விஷயத்துக்குப் போகிறவரை மரியாதை தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வயதில் பெரியவரைப் பார்த்தால் "ஷிகமோ", அவர் "மரஹபா" என்பார். யாராவது சுமை தூக்கிக்கொண்டு போனாலோ, தடுக்கினாலோ, உடம்பு சரியில்லை என்றாலோ "போலே" என்பார்கள். அது மன்னிப்புக் கேட்பது இல்லை, உன் சிரமம் எனக்குத் தெரிகிறது என்று சொல்வது. எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்த பத்து நாளில் வாட்ச்மேனிலிருந்து காய்கறி விற்கும் அம்மா வரை வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுத்து, நாங்கள் "கரிபு" என்ற பிறகு உள்ளே வந்து, "போலே சானா" சொல்லிவிட்டுப் போனார்கள். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்று, மணிக்கணக்கு. சுவாஹிலியில் பொழுது விடிவதிலிருந்துதான் மணி எண்ணுவார்கள். காலை 7 மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி, 10 மணி என்பது நான்கு மணி. ப்ளம்பர் "சா ம்பிலி", அதாவது இரண்டு மணி என்றார். நான் மதியம் இரண்டுக்கு லீவு போட்டுக் காத்திருந்தேன், அவர் காலை எட்டுக்கே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். தப்பு என்னுடையதுதான்.

செலவு விஷயத்தில் ஒரு தகவல். ரொம்ப காலமாக வீட்டு வாடகையும் தனியார் பள்ளிக் கட்டணமும் அமெரிக்க டாலரில்தான் சொல்வார்கள். 2025 மார்ச்சில் உள்நாட்டு வியாபாரத்தில் வெளிநாட்டுப் பணத்தில் விலை சொல்லக்கூடாது என்று விதி வந்தது, அதனால் ஒப்பந்தம் இந்த ஊர்ப் பணமான ஷில்லிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் யாருக்காவது கல்யாணம் என்றால் மிச்சாங்கோ கேட்பார்கள், அதாவது பங்களிப்பு. வாட்ஸாப் குழு அமைத்து, கமிட்டி போட்டு, யார் எவ்வளவு தந்தார் என்று பட்டியலே ஓடும். முதலில் தொந்தரவாகத் தோன்றும். கொடுங்கள், தம்பி. உங்கள் வீட்டில் ஒரு துக்கம் என்றால் அதே ஆட்கள் வந்து பாய் விரித்து மூன்று நாள் உட்காருவார்கள்.

தெம்பனிஸ் புளோக்:

சிங்கப்பூர் பக்கத்தை நான் சொல்கிறேன். 11 வருடம் ஆகிறது, இங்கே வந்தபோது நானும் உங்களைப் போல வேலை அனுமதியில்தான் வந்தேன்.

முதலில் கணக்கு. 7,200 என்பது கேட்க நன்றாக இருக்கும். வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடியில் நான்கு அறை வீடு (இங்கே ஹாலையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், ஆக படுக்கையறை மூன்றுதான்) முழுசாக வாடகைக்கு எடுத்தால் 3,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) ஒட்டியோ அதற்கு மேலோ போகும், கொண்டோ என்ற தனியார் அடுக்குமாடி என்றால் இன்னும் மேலே. வெளிநாட்டவருக்கு ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒதுக்கீட்டு வரம்பு இருக்கிறது, அது நிரம்பியிருந்தால் வீட்டுக்காரர் தயாராக இருந்தாலும் உங்களுக்குக் கொடுக்க முடியாது, அதைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கார் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். கார் வாங்குவதற்கு முன்னால் 10 வருடம் ஓட்டும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும், 2023ல் சின்னக் காருக்கான சான்றிதழே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அது வெறும் காகிதத்துக்கு, கார் தனி. ஆனால் கார் தேவையே இல்லை என்பதும் உண்மை.

குடும்பத்தை அழைத்து வர நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 இருக்க வேண்டும், அது உங்களுக்கு இருக்கிறது, மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி கிடைக்கும். அம்மாவை நீண்ட நாள் தங்கவைக்க 12,000 சம்பளம் வேண்டும். அது உங்களுக்கு இல்லை. ஆக அம்மா சுற்றுலாப் பயணியாக வந்து திரும்பத்தான் முடியும். இந்த ஒன்றை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், தயவுசெய்து இதை முதலில் யோசியுங்கள். மனைவி வேலை பார்க்க விரும்பினால் 2021 மே மாதத்திலிருந்து அவருக்கென்று தனியாக வேலை அனுமதி வேண்டும், உங்கள் துணையாக வந்த அனுமதியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது.

இனி செவ்வாய்க்கிழமை. காலை 6:45க்கு இன்னும் இருட்டாக இருக்கும், ஏனென்றால் இந்த ஊரின் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, 1982ல் மலேசியாவோடு சேர்ந்து மாற்றிக்கொண்டார்கள். அந்த இருட்டில் சின்னச் சின்னப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பள்ளிக்கு நடந்துபோவார்கள், யாரும் பயப்படமாட்டார்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பேருந்து, எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் எல்லாம் வேலை செய்யும், வேலை செய்யாத நாளில் செய்தியில் வரும். கீழே இறங்கினால் உணவங்காடி நிலையம், 2020ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்களே அதேதான். ஒரு மேசையில் மலாய்க்காரர் நாசி லெமாக் சாப்பிடுவார், அடுத்ததில் சீனர் கோழிச்சோறு, அதற்கடுத்து நம்மவர் ரொட்டி பரோட்டா. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம், யாரும் எடுக்கமாட்டார்கள்.

தமிழுக்கு இங்கே இருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ரயில் நிலையத்தில் அறிவிப்புப் பலகையில் தமிழ், பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ், 1935லிருந்து வரும் தமிழ் முரசு, ஒலி 96.8 வானொலி, நூலகத்தில் அலமாரி அலமாரியாகத் தமிழ்ப் புத்தகம். என் மகன் இங்கே பிறந்தவன், அவன் தமிழில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினான். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.

ஆனால் அரசுப் பள்ளியில் இடம் உறுதியில்லை. முதல் வகுப்பில் குடிமக்கள், நிரந்தரவாசிகள் பிள்ளைகளுக்குப் போகத்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு. கிடைக்காவிட்டால் சர்வதேசப் பள்ளி, 7,200ல் அது முடியாது என்றே சொல்வேன். மருத்துவமும் அப்படித்தான், உலகத் தரம், ஆனால் அரசு மானியம் நமக்குக் கிடையாது, கம்பெனி காப்பீடு என்ன தருகிறது என்று வரிக்கு வரி படியுங்கள்.

நேரடிப்பேச்சு:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் சராசரி ஆயுள் 83, இன்னொரு பக்கம் 67. ஒரு பக்கம் மலேரியாவை 1982லேயே ஒழித்த நாடு, இன்னொரு பக்கம் இன்றைக்கும் மலேரியா. 2025 அக்டோபர் 29 தேர்தலன்று தாரில் கலவரம் வெடித்து, ஊரடங்கு போட்டு, நாடு முழுக்க இணையத்தை நிறுத்தினார்கள். என் நண்பன் அங்கே இருந்தான், அவன் மனைவி பல நாள் அவன் குரலைக் கேட்காமல் தவித்தார். 6 வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே போவது சரியில்லை. சம்பளம் பற்றாவிட்டால் ஓர் அறை வீட்டில் இருந்துகொள்ளுங்கள், பிள்ளையின் எதிர்காலம்தான் முக்கியம்.

உபாங்காவாசி:

அந்த நாட்களில் நானும் இங்கேதான் இருந்தேன், அது சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். வெளியே சத்தம், உள்ளே செய்தி இல்லை, வீட்டில் பால் பவுடர் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். என் பயத்தைவிடப் பெரிய இழப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு, பிள்ளையை இழந்த வீடுகள் இருக்கின்றன. இந்த ஆபத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் சொன்னது சரி.

ஆயுள் கணக்கில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். 67 என்பது கிராமத்தில் பிரசவத்துக்கு 30 கிலோமீட்டர் போக வேண்டிய பெண்ணையும் ஐந்து வயதுக்குள் போய்விடும் குழந்தையையும் சேர்த்த கணக்கு. கம்பெனி காரும் காப்பீடும் உள்ள நமக்கு அந்த எண் பொருந்தாது. நமக்கும் அவர்களுக்கும் இருக்கும் அந்த இடைவெளியைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கும், இங்கே உண்மையிலேயே கடினமானது அதுதான். மலேரியா உண்டு, தாரில் டெங்குவும் வந்திருக்கிறது, 2014லும் 2019லும் பெரிதாகவே வந்தது. கொசுவலை, மாலையில் முழுக்கைச் சட்டை, காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. இந்த மூன்றில் ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

இரண்டு துறைமுகம்:

இந்த இரண்டு ஊரிலும் வாழ்ந்தவள் என்பதால் எழுதுகிறேன். கணவர் வேலைக்காகத் தாரில் நான்கு வருடம், அப்புறம் சிங்கப்பூர், இங்கே ஆறாவது வருடம் நடக்கிறது. இரண்டு இடத்திலும் நான் வேலை பார்க்க அனுமதி இல்லாத மனைவிதான், அதனால் உங்கள் மனைவியின் பகல் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

முதலில் வெயில், ஏனென்றால் எல்லாரும் இரண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். ஒன்றில்லை. சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஒரே மாதம்தான். ஜனவரியில் கொஞ்சம் மழை கூடும், அவ்வளவுதான், எந்த மாதத்தில் எடுத்த போட்டோ என்று பார்த்துச் சொல்லவே முடியாது. தாரில் பருவம் உண்டு. மார்ச்சிலிருந்து மே வரை மாசிகா என்ற பெருமழை, தெருவெல்லாம் குளமாகும், ஜங்வானி தாழ்வில் தண்ணீர் ஏறினால் ஊரே நின்றுவிடும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தெற்கேயிருந்து குசி காற்று, ராத்திரியில் போர்வை தேடுவோம். அக்டோபருக்கு மேல் வுலி என்ற சின்ன மழை. டிசம்பரிலிருந்து புழுக்கம், கடற்காற்று இல்லாவிட்டால் மூச்சு முட்டும். அதே வெயிலைச் சிங்கப்பூர் ஏசியால் சமாளிக்கிறது. வீட்டிலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து ஆபீசுக்கு, கூரை போட்ட நடைபாதை வழியாக நனையாமல், வியர்க்காமல் போகலாம். தாரில் மரத்தால் சமாளிக்கிறார்கள். மாமரத்து அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்தால் பேசித்தானே ஆக வேண்டும்? கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலை ஒட்டி பராசா என்று திண்ணையே கட்டியிருப்பார்கள். ஏசி அறைக்குள் பேச வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்றது பாதி வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

தாரில் என் பகல் எனக்குச் சொந்தமாகவே இருக்காது. காய்கறி அம்மா வருவார், அரை மணி நேரம். வீட்டு உதவிக்கு வந்த பெண்ணை டாடா என்போம், அக்கா என்று அர்த்தம், அவளிடமிருந்துதான் சுவாஹிலி கற்றேன். அவள் கட்டியிருக்கும் கங்கா துணியின் கரையில் ஒரு வாசகம் அச்சாகியிருக்கும், தினம் ஒன்று படித்துக் காட்டி அர்த்தம் சொல்லுவாள். என் பையன் சாயங்காலம் முழுக்க வெளியேதான், தெருவில் அவ்வளவு குழந்தைகள். அந்த நாட்டில் பாதிப் பேர் 18 வயதுக்குக் கீழே, அதைப் புள்ளிவிவரமாகப் படிப்பது வேறு, சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் நின்று பார்ப்பது வேறு. ஆனால் இருட்டிய பிறகு நான் தனியாக வெளியே நடந்ததே இல்லை. கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போவார்கள், என் தோழிக்கு அப்படி நடந்து தோள் எலும்பு விலகியது. நான்கு வருடமும் மாலை ஆறரைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். அது ஒரு பெண்ணை உள்ளுக்குள் சுருக்கிவிடும், இதை ஆண்கள் எழுதும்போது விட்டுவிடுகிறார்கள்.

சிங்கப்பூர் வந்த முதல் வாரம், ராத்திரி 11 மணிக்குப் பையனோடு பேருந்தில் ஏறி வீட்டுக்கு வந்தேன். இறங்கி நடக்கும்போது அழுகை வந்துவிட்டது, என் காலில் நானே நடக்கிறேன் என்று. அந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கணக்குப் பார்த்தேன், கணவரும் பையனும் தவிர யாரிடமும் எட்டு நாளாகப் பேசவில்லை. கடையில் இயந்திரத்தில் பணம் கட்டுகிறேன், பேருந்தில் அட்டையைத் தட்டுகிறேன், லிஃப்டில் எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள். எதற்கும் யாரையும் கேட்க வேண்டியதே இல்லை, ஏனென்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தாரில் எதுவுமே ஆளைக் கேட்காமல் நடக்காது, அதனாலேயே ஆட்கள் கிடைத்தார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் மனசு இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, எனக்கு மாண்டரின் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுப்பார். ஆனால் இங்கே கதவை நாம்தான் போய்த் தட்ட வேண்டும். சமூக மன்றத்தில் சேர்ந்தேன், நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லப் போனேன், அதற்குப் பிறகுதான் இது என் ஊர் ஆனது. ஒன்றரை வருடம் எடுத்தது.

பிள்ளைகள் விஷயம். இங்கே என் பையனுக்குப் பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் நீச்சல் வகுப்பு, நண்பர்களைப் பார்க்க அம்மாக்கள் தேதி குறிக்க வேண்டும். ஆறாம் வகுப்புத் தேர்வை நினைத்து மூன்றாம் வகுப்பிலேயே வீட்டில் பதற்றம். உங்கள் மகள் 9 வயதில் கிளம்பிவிடுவாள், அந்தத் தேர்வு அவளைத் தொடாது, ஆனால் அந்தக் காற்று தொடும்.

அம்மா பற்றி. தெம்பனிஸ் அண்ணா சொன்ன 12,000 வரம்பு சரி. தான்சானியாவுக்குச் சாதாரண விசாவில் ஒரு தடவைக்கு 90 நாள் வரை தங்கலாம், அதற்கு மேல் அம்மா தங்க என்ன வழி என்று கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் தாரில் ஜகாயா கிக்வெதே இதய நிலையம் இருக்கிறது, ஆகா கான் மருத்துவமனை இருக்கிறது, வழக்கமான பரிசோதனைக்குப் போதும். சிக்கலான நிலை வந்தால் பணமுள்ளவர்கள் அங்கிருந்து விமானம் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், அம்மா உங்களோடு வந்தே ஆக வேண்டும் என்றால் தார், உபாங்கா பகுதியில் வீடு, காப்பீட்டில் அவசர விமானச் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். அம்மா உங்கள் சகோதரரிடமோ சகோதரியிடமோ நிம்மதியாக இருப்பார் என்றால், மகளுக்கு அரசுப் பள்ளியில் இடமும் உறுதியானால், சிங்கப்பூர். பள்ளி இடம் இல்லாமல் அந்தச் சம்பளத்தில் சிங்கப்பூர் வராதீர்கள், மாதக் கடைசி ஒவ்வொன்றும் வீட்டில் சண்டையாகும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

கப்பல்கணக்கு:

இவ்வளவு நேரம் எடுத்து எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா எழுதியதை மனைவியும் நானும் இரண்டு தடவை சேர்ந்து படித்தோம். ஆறரைக்குக் கதவைப் பூட்டுவது பற்றி எழுதிய இடத்தில் அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். 12,000 வரம்பு எனக்குச் சுத்தமாகத் தெரியாது, கம்பெனி ஆட்களும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டேன், எங்கே வேண்டுமானாலும் வருகிறேன், தனியாக மட்டும் விடாதே என்றார். ஊரில் என் சொந்த அக்கா வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லலாம், ஆனால் அம்மா சொன்ன விதத்தைக் கேட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை. அதனால் தார் பக்கம்தான் மனசு சாய்கிறது. காப்பீட்டில் அவசர விமானச் செலவு சேருமா என்று நாளைக்கே கேட்கிறேன், இல்லை என்றால் மறுபடியும் யோசிக்க வேண்டும்.

உபாங்காவாசி அண்ணா, ஒரு கேள்வி. சுவாஹிலி எங்கிருந்து ஆரம்பிப்பது? அம்மாவுக்கு ஆங்கிலமும் வராது.

உபாங்காவாசி:

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவருக்கு முதலில் "மரஹபா" சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் 68 வயதில் அவருக்குத்தான் எல்லாரும் ஷிகமோ சொல்வார்கள், அவர் பதில் சொன்னால் போதும், மறுநாளிலிருந்து பெயர் சொல்லி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மகளுக்கு ஷிகமோ, வாட்ச்மேன் தாத்தாவிலிருந்து பள்ளி ஆயா வரை. உங்களுக்கும் மனைவிக்கும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்களும், அசுபுஹி, ம்ச்சானா, ஜியோனி, உசிகு என்ற நான்கு சொற்களும். காலை, பகல், மாலை, இரவு. யார் எந்த மணி சொன்னாலும் இந்த நான்கில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் கேரிபேக் வேண்டாம், 2019 ஜூனிலிருந்து தடை, விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவார்கள். துணிப்பை எடுத்து வாருங்கள். கொசுவலை இங்கேயே நல்லதாகக் கிடைக்கும். ஜூலையில் வருவதாக இருந்தால் அம்மாவுக்கு ஒரு மெல்லிய சால்வை.